எதிர்க்கடைப் போணி

நீரஜா நீட்டிய இருபது ரூபாய் நோட்டை ராம்குமார் இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகுதான் கல்லாவில் போட்டான். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சந்திரிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கொடுத்த எதையாவது இவன் கண்ணில் ஒற்றிக்கொண்டதுண்டா? காபி டம்ளரைக்கூடப் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்தான் வாங்குவான்.

"ஒரு ஃபால்ஸ் போதுமாங்க?"

"போதும் முதலாளி. போணி பண்ணத்தானே வந்தேன்? இன்னிக்கு ஜேஜேன்னு ஓடும் பாருங்க." சேலை ஓரத்தில் தைக்கிற அந்தத் துணிப் பட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு படியிறங்கிய நீரஜா, ஏதோ ஞாபகம் வந்தவளாகத் திரும்பினாள். "சாப்ட்டீங்களா அக்கா?"

அக்காவாம்! இரண்டு பேருக்கும் ஒரே வயதுதான். என்ன, நீரஜாவுக்குக் குழந்தை குட்டி இல்லை, இடுப்பு பெருக்கவில்லை. அப்பா விட்டுப்போன வளையல் கடையைத் தனியாளாக நடத்துகிறாள். காலையில் தலை நிறைய மல்லிகையோடு வந்து எதிர்க்கடை ஷட்டரை ஒரே தூக்கில் தூக்குகிறாள். அக்கா என்று கூப்பிட அவளுக்கு வாய் வராமல் என்ன செய்யும்?

தி.நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது ராம்குமாரின் மேட்சிங் சென்டர். எந்தச் சேலையைக் கொண்டுவந்தாலும் அதற்குத் தோதான பிளவுஸ் துணியும் லைனிங்கும் உள்பாவாடையும் எடுத்துப் போடுகிற கடை. அந்தச் சந்தில் ஒரு காலத்தில் நடக்க இடம் கிடைக்காது. முனையில் இருந்த ஓட்டலில் டிபன் சாப்பிட வருகிறவர்கள் கை கழுவிய ஈரத்தோடு இப்படியே உள்ளே நுழைவார்கள். நகரமெல்லாம் கிளை பரப்பியிருந்த அந்த ஓட்டல் கம்பெனி அடையாறில் ஒன்று, கே.கே. நகரில் ஒன்று என்று மூடிக்கொண்டே வந்து, போன வருஷம் இதையும் மூடிவிட்டது. அடுத்ததாகச் செருப்புக்கடை போயிற்று. அதற்கடுத்து, பேர் பெற்ற ரெடிமேட் கடை. இப்போது சேலை வாங்குகிறவர்கள் ஏழு மாடிக் கடையில் ஏசியில் நின்று அங்கேயே பிளவுஸும் எடுத்துக்கொள்கிறார்கள். மிச்சம் பேர் கட்டிலில் படுத்தபடியே போனில் எடுத்துவிடுகிறார்கள். சந்தில் பாதி ஷட்டர்களில் 'வாடகைக்கு' என்ற அட்டை தொங்கியது.

ஆள் குறைப்பு என்று ராம்குமார் கடைப்பையன்களை நிறுத்திய பிறகுதான் சந்திரிகா கடைக்கு வர ஆரம்பித்தாள். வந்த முதல் நாளே இந்தப் போணி நாடகத்தைப் பார்த்துவிட்டாள்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. ஏனென்றால் அந்தப் போணி அவளுடையது. புதுப்பெண்ணாக அவள் ஒரு வாடாமல்லி பிளவுஸ் துணி வாங்கித்தான் இந்தக் கடையே திறந்தது. அன்று மூச்சுவிட முடியாத வியாபாரம். "உன் கைராசிடீ" என்று ராத்திரி அவள் கையை எடுத்து வைத்துக்கொண்டு ராம்குமார் சொன்னான். அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் கடைக்கு வந்து, அவன் கொடுத்த பணத்தையே அவனிடம் நீட்டி, முதல் துணியை வாங்கிப்போவாள். வீட்டில் பீரோ நிறைய பிளவுஸ் துணி. தைக்காததே அதிகம். கவிதை எழுதுகிற புருஷன்களும் பூ வாங்கி வருகிற புருஷன்களும் உலகத்தில் இருக்கலாம். அவளுக்கு வெள்ளிக்கிழமைப் போணி இருந்தது.

ஓட்டல் மூடிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, அவள் போணி செய்த நாளில், அந்தி சாயும் வரை ஒரு ஆள் படியேறவில்லை. அடுத்த வாரம் அவள் புடவை மாற்றிக்கொண்டு நின்றபோது ராம்குமார் செருப்பை மாட்டிக்கொண்டே, "நீ எதுக்கு வெயில்ல அலையற? வீட்லயே இரு" என்றான்.

அவ்வளவுதான். கைராசி கைமாறிவிட்டது.

அதோடு போயிருந்தாலும் பொறுத்திருப்பாள். தினமும் நீரஜா போன சற்று நேரத்தில், "ஒரு டீ அடிச்சுட்டு வரேன்" என்று இவனும் கிளம்புவான். டீக்கடை வலது பக்கம். இவன் நேரே எதிரே போவான். திரும்பும்போது மூடிய கையைச் சட்டைப்பையில் விட்டபடி வருவான். நேற்று லைனிங் துணி தேடும்போது, கல்லாவுக்குக் கீழே ஒரு பெட்டியை அவள் திறந்துவிட்டாள். உள்ளே கிளிப்புகள், ஹேர்பேண்டுகள், பொட்டு அட்டைகள், ஒரு முத்துவைத்த கொண்டை ஊசி. எல்லாம் புதுசு. ஒன்றுகூட வீட்டுக்கு வந்ததில்லை.

அவள் ராத்திரி முழுக்க யோசித்தாள். இவன் வாங்கி நீரஜாவுக்கே கொடுக்கிறானா? அவள் இவனுக்குக் கொடுத்தாளா? ஆம்பளைக்கு எதற்குக் கொண்டை ஊசி?

"நான் கோடவுன் தெரு வரைக்கும் போய்ச் சரக்கு எடுத்துட்டு வந்துடறேன்" என்று இப்போது ராம்குமார் பையை எடுத்தான். "நீரஜா போணி. இன்னிக்கு நடக்கும். யார்கிட்டயும் இல்லைன்னு மட்டும் சொல்லிடாத. நம்மகிட்ட இல்லாட்டி உட்கார வை, பக்கத்துல வாங்கிக் குடுத்துடலாம்."

"நீரஜா போணின்னா நடக்காம இருக்குமா?" என்றாள் சந்திரிகா.

அவனுக்கு அதிலிருந்த குத்தல் உறைக்கவில்லை. எதிர்க்கடைக்குள் ஒரு நிமிஷம் நுழைந்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனான்.

அந்த நிமிஷத்தில்தான் சந்திரிகா முடிவு செய்தாள். நடக்கக் கூடாது. இன்றைக்கு இந்தக் கடையில் ஒரு கஜம் துணி போகக் கூடாது. நீரஜாவின் கை விளங்காத கை என்று அவன் கண்ணால் பார்க்க வேண்டும்.

முதலில் வந்த பெண் கறுப்பு லைனிங் கேட்டாள். "இல்லைங்க." பின்னாலேயே கறுப்புத் துணி மூட்டையாக இருந்தது. அடுத்து வந்தவருக்கு உள்பாவாடை. "ஸ்டாக் இல்லைங்க." சொல்லச் சொல்ல நாக்கு பழகிவிட்டது.

மத்தியானம் மயிலாப்பூர் மாமி ஒருத்தி, கல்யாணப் பெண்ணான மகளோடு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். பையைக் கவிழ்த்ததும் மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, அரக்கு என்று பட்டுச் சேலைகள் கல்லா மேசையை மூடின. ராம்குமார் ஒரு வருஷமாகச் சாமியிடம் கேட்டுக்கொண்டிருந்த மாதிரியான வியாபாரம்.

சந்திரிகாவின் கை தானாகத் தட்டுப் பக்கம் போயிற்று. எதிரே நீரஜா வளையல் ஸ்டாண்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கலர் எதுவும் இல்லைங்க, மாமி."

"எதுவுமேவா? மாம்பழக் கலர் கூடவா?" மாமி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். "என்னம்மா இது, எங்காத்துல யாருக்குக் கல்யாணம்னாலும் இங்கதான் வருவேன். இந்தக் கடைல இல்லைங்கற வார்த்தையைக் கேட்டதே இல்லையே!"

மகள் சேலைகளை மடித்தாள். "நான் அப்பவே சொன்னேன்மா, பெரிய கடைக்கே போயிடலாம்னு."

அவர்கள் இறங்கிப் போனார்கள். சந்திரிகா ஜெயித்துவிட்டாள். ஆனால் ஸ்டூலில் உட்காராமல், கலையாத துணிகளையே மறுபடி மடித்து அடுக்கினாள்.

கொஞ்ச நேரத்தில் படியில் மறுபடி காலடிச் சத்தம். மாமியையும் மகளையும் முன்னால் விட்டு நீரஜா வந்துகொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, இல்லைன்னு சொல்லிட்டீங்களாமே? மாம்பழ மஞ்சள் மேல் தட்டுல கீதே, முந்தாநாள்தான் முதலாளி அடுக்கினாரே? அக்கா கடைக்குப் புதுசு மாமி, தப்பா நினைச்சுக்காதீங்க. உட்காருங்க."

என் கடைத் தட்டில் எது எங்கே என்று இவளுக்குத் தெரிகிறது! ஆத்திரம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். சந்திரிகா ஸ்டூலில் ஏறித் துணிகளை எடுத்துப் போட்டாள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார்கள். எல்லாமே கிடைத்தன. மாமி பை நிறைய வாங்கிக்கொண்டு, "இனிமே இல்லைன்னு சொல்லாதே, கேட்டியா?" என்று செல்லமாக அதட்டிவிட்டுப் போனாள்.

நீரஜா போகவில்லை.

"வேணும்னுதான் சொன்னீங்க, இல்ல?"

சந்திரிகா துணியை மடிப்பதிலேயே கண்ணாக இருந்தாள். அப்புறம் குனிந்து அந்தப் பெட்டியை எடுத்து மேசைமேல் டங்கென்று வைத்தாள். "இது யாருக்கு?"

நீரஜா கிளிப்புகளைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே அணைந்தும் போனது. இடுப்புப் பர்ஸிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். ஓரத்தில் மஞ்சள் கறை.

"காலைல உங்க கடைல குடுத்தேனே, அதே இருபது ரூபா. நான் இங்க போணி பண்றேன். அவரு அதையே எடுத்துனு வந்து என் கடைல போணி பண்றாரு. அவர் வரலைன்னா அக்கா, எனக்குச் சில நாள் போணியே இல்ல. உங்ககிட்ட வாங்கின ஃபால்ஸ் என் கடைல மூட்டையா கீது. வந்து பாருங்க."

"வீட்டுல ஏன் சொல்லல?"

"போணிக்கே ஆள் இல்லைன்னு பொண்டாட்டிகிட்ட எந்த ஆம்பளை சொல்வான்?"

"அதுக்கு நான் பண்ணக் கூடாதா? என் கை என்ன ஆகிப் போச்சு?"

நீரஜா தயங்கினாள். "நானும் கேட்டேன். 'கடை இன்னும் எத்தினி நாளோ தெரியல. அவ போணி பண்ணி, யாரும் வரலைன்னா தன் கைராசி போயிடுச்சுன்னு நினைச்சுடுவா. பழி அவ கைக்கு வரவேணாம், அவ கை அப்படியே இருக்கட்டும்'னாரு."

சந்திரிகாவுக்குக் கண் கலங்கியது. அடுத்த கணமே வேறொன்று சுருக்கென்று தைத்தது. இவ்வளவு வருஷத்தில் அவன் தன்னைப் பற்றிச் சொன்னதிலேயே நல்ல வார்த்தை இதுதான். அதைப் போய் இவளிடம் சொல்லியிருக்கிறான்!

சாயங்காலம் சரக்கு மூட்டையோடு வந்த ராம்குமார் கல்லாவைத் திறந்து பார்த்துவிட்டு, "சொன்னேன்ல? நீரஜா கை!" என்றான்.

"அவ கைதான். இல்லைன்னு திருப்பி அனுப்பின ஆளை அவதான் கூட்டிட்டு வந்தா." சந்திரிகா நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். அவனோ திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்து நின்றான்.

"என் கையைப் பத்தி அவகிட்ட என்னமோ சொன்னீங்களாமே. அதை என்கிட்ட சொல்லுங்க."

"என்னத்த சொன்னேன்? சும்மா..."

"சொல்லுங்க."

அவன் காது சிவந்தது. நாலு பக்கம் பார்த்தான். வியாபாரத்தில் ஊரையே பேசி மடக்குகிறவனுக்கு வாய் திறக்கவில்லை. கடைசியில் கொண்டை ஊசியை எடுத்து அவள் தலையில் கோணலாகச் செருகிவிட்டு, மூட்டையைப் பிரிக்கப் போய்விட்டான்.

மறுநாள் காலை நீரஜா வந்தாள். மஞ்சள் கறை நோட்டை நீட்டினாள். ராம்குமாரின் கை நீளும் முன்னே சந்திரிகா அதை வாங்கிக்கொண்டாள். ஃபால்ஸைக் கொடுத்தாள். நீரஜா சந்தைக் கடந்து தன் கடைக்குள் போனதும் ராம்குமார் எழுந்தான்.

"ஒரு டீ அடிச்சுட்டு..."

"டீக்கடை வலது பக்கம். போய்ட்டு வாங்க."

கொண்டை ஊசியைச் சரிசெய்துகொண்டு, நோட்டோடு அவளே எதிரே நடந்தாள். நீரஜா கண்ணை அகல விரித்தாள்.

"அந்தப் பச்சை வளையல் ஒரு ஜோடி குடு. இனிமே தினம் நான்தான் வருவேன். அவர் வரமாட்டார்."

"சரிக்கா."

"அக்கான்னு கூப்பிடாத. உன் வயசுதான் எனக்கும்."

"சரி சந்திரிகா" என்று சிரித்த நீரஜா, நோட்டை இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சந்திரிகா திரும்பிப் பார்த்தாள். கல்லாவிலிருந்து ராம்குமார் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்ப்பது தன்னையா, நீரஜாவையா என்று ஒரு நொடி உற்றுக் கவனித்தாள். தன்னைத்தான். அதை நன்றாக உறுதிசெய்துகொண்ட பிறகே வளையலைக் கையில் ஏற்றினாள்.