சுவரில் எழுதிய எண்ணும் பத்தொன்பது முட்டையும்

இல்லை, கரண்ட் பில்லை நான் கட்டியிருந்தேன். அதில் சந்தேகமே வேண்டாம். ரசீது போனில் இருக்கிறது, யார் கேட்டாலும் காட்டுவேன். அப்படி இருந்தும் வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு என் கடை ஃபியூஸைத்தான் பிடுங்கினார்கள்.

வாடிப்பட்டி மெயின் ரோட்டில் நல்லகாமன் மாமாவுக்கு ஒட்டினாற்போல இரண்டு கடைகள். ஒன்றில் நான் இன்குபேட்டர் வைத்து நாட்டுக்கோழி முட்டை பொரித்துக் கொடுக்கிறேன். இன்னொன்றில் தாமரைச்செல்வி அக்கா ஜாக்கெட் தைக்கிறார். மீட்டர் தனித்தனி. அவரவர் பில்லை அவரவர் போனில் கட்டிவிடுவோம், மாமாவுக்கு வாடகை மட்டும்தான்.

அன்று மெஷினுக்குள் இருந்தவை சீனியம்மாள் பெரியம்மாவின் எண்பது சிறுவிடைக் கோழி முட்டைகள். அவருடைய கோழிகளை எல்லாம் போன மாதம் கழிச்சல் நோய் வாரிக்கொண்டு போய்விட்டது. ஊர் ஊராகப் போய் ஐந்தும் பத்துமாக வாங்கிச் சேர்த்த முட்டைகள் அவை. அன்றைக்குப் பதினெட்டாவது நாள், இன்னும் மூன்றே நாளில் குஞ்சு. இன்வெர்ட்டர் ஏன் இல்லை என்று கேட்காதீர்கள், அதற்குத்தான் பணம் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

லைன்மேன் கண்ணுச்சாமி அண்ணனிடம் ரசீதை நீட்டினேன். பொறுமையான மனிதர். ரசீதைப் பார்த்தார், மீட்டர் மேலேயே அச்சடித்திருந்த நம்பரைப் பார்த்தார், கையிலிருந்த லிஸ்ட்டைப் பார்த்தார்.

"தங்கச்சி, நீ கட்டுனது பக்கத்துக் கடைக்கு."

நான் சுவரைக் காட்டினேன். என் மீட்டருக்கு மேலே சிவப்புப் பெயிண்டில் இணைப்பு எண் கொட்டை எழுத்தில் இருந்தது. அந்த எண்ணுக்குத்தான் கட்டினேன். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது மாமா மீட்டர் போர்டுச் சுவரையும் விட்டுவைக்கவில்லை. பழைய எழுத்து மறைந்துபோனதால், தானே பிரஷை எடுத்து, ஞாபகத்தில் இருந்தபடி இரண்டு எண்களையும் எழுதிவைத்தார். இடம் மாற்றி எழுதிவிட்டார். நான் அப்போதுதான் போன் மாற்றியிருந்ததால் சுவரைப் பார்த்து எண்ணை ஏற்றினேன். தாமரைச்செல்வி அக்கா தன் மகளின் பிரசவத்துக்காகத் திருமங்கலம் கிளம்பும்போது சுவரை போட்டோ எடுத்து மருமகனிடம் கொடுத்துக் கட்டச் சொல்லியிருக்கிறார்.

விளைவு, எனக்கு இருநூற்றுப் பத்து ரூபாய் பில். பூட்டிக் கிடந்த அவர் கடைக்கு மூவாயிரத்து இருநூற்று அறுபது. மருமகன் மிரண்டுபோய், ஈ.பி. ஆபீஸில் விசாரித்துவிட்டுக் கட்டுவோம் என்று அப்படியே போட்டுவிட்டார். கட்டாமல் கிடந்த அந்த இணைப்பு உண்மையில் என்னுடையது.

எனக்குச் சந்தேகம் வரவில்லையா என்கிறீர்களா? வரவில்லை. ஜனவரியில்தான் மெஷினைச் சுற்றித் தெர்மாகோல் ஒட்டியிருந்தேன். கரண்ட் அதனால் குறைந்தது என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா, தெர்மாகோல் ஒட்டுவது எப்படி என்று வீடியோ போட்டேன். நானூறு பேர் பார்த்தார்கள்.

கண்ணுச்சாமி அண்ணன் மேற்கொண்டு எதுவும் விசாரிக்கவில்லை. "யாரு பக்கம் நாயம்னு பொறவு பேசுங்க. பணம் ஏறுனாச் சொல்லு, வந்து மாட்டிவிட்டுப் போறேன்" என்று தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

நான் அப்போதே கட்டியிருக்கலாம். கட்டவில்லை. ஏற்கெனவே கட்டியவள் எதற்கு இன்னொரு தடவை கட்டவேண்டும்? மாமாவைக் கூப்பிட்டேன், அக்காவை போன் ஸ்பீக்கரில் போட்டேன். மீட்டர் போர்டுக்குக் கீழேயே பஞ்சாயத்து தொடங்கியது. மாமா தான் எழுதியது தப்புதான் என்று முதலிலேயே ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட கையோடு என் பக்கம் திரும்பினார்.

"எரநூத்திப் பத்துன்னு வந்தப்ப ஒனக்கு ஒரு ரோசனை வரலையா ஆத்தா? ராவும் பகலும் ஓடுற மெசினு."

அக்கா போனுக்குள்ளிருந்து சொன்னார்: "பூட்டிக் கெடக்குற கடைக்கு மூவாயிரத்துக்கு மேல எவளாச்சும் கட்டுவாளா மீனா? நீயே சொல்லு."

நான் சொன்னேன். இன்னும் நிறையச் சொன்னேன். உள்ளே போய்ப் பார்த்தபோது முப்பத்தேழரையில் நிற்கவேண்டிய சூடு முப்பத்து மூன்றுக்கு இறங்கியிருந்தது. மணி பதினொன்றே முக்கால். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசியிருக்கிறோம். அங்கேயே நின்றபடி, திரும்ப இணைக்கும் கட்டணத்தோடு சேர்த்துப் பணத்தைக் கட்டினேன். மெஷினைப் போர்வையால் மூடினேன். அண்ணனுக்கு போன் போட்டால், அவர் அதற்குள் வேறு ஊரில் கம்பத்தில் ஏறியிருந்தார். வந்து மாட்டும்போது ஒன்றரை மணி.

குஞ்சுகள் ஞாயிற்றுக்கிழமை பொரிந்தன. அறுபத்தொன்று. மீதிப் பத்தொன்பதுக்கு மறுநாள் மாலை வரை காத்திருந்துவிட்டு உடைத்துப் பார்த்தேன். எல்லாம் முழுசாக வளர்ந்து, ஓட்டுக்குள்ளேயே நின்றுபோனவை.

பணக் கணக்கு சுலபமாகத் தீர்ந்தது. மூவாயிரத்துச் சொச்சம் நான் எரித்த கரண்ட், அது என் செலவுதான். தன்னுடைய இருநூற்றுப் பத்தை அக்கா அன்றைக்கே அனுப்பிவிட்டார். இணைப்புக் கட்டணத்தை மாமா கொடுத்தார், பெயிண்ட் டப்பாவோடு வந்து எண்களையும் மாற்றி எழுதினார். இந்தத் தடவை ரசீதில் இருந்த இணைப்பு எண்ணை நான் வாசிக்க வாசிக்க, ஸ்டூலில் ஏறி நின்று எழுதினார்.

பெரியம்மா கூடையோடு வந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். சுவர், பெயிண்ட், மருமகன், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே குஞ்சுகளை எண்ணிக் கூடைக்குள் விட்டார்.

"பில்லு யாரு கட்டுனா எனக்கென்னத்தா?" என்றார். "நான் முட்டைய ஒங்கிட்டதான குடுத்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த தடவை பொரிக்கும்போது பத்தொன்பது குஞ்சும் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். தருவேன், அதில் மாற்றமில்லை.

ஆனால் அந்தப் பத்தொன்பதும் முழுக்க என் தலையிலா? ஃபியூஸ் போனது மாமாவின் பெயிண்டால். கரண்ட் இல்லாமல் கிடந்த மூன்று மணி நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல், பணம் கையில் இருந்தும் கட்டாமல் நான் வாதாடியது. மாமாவிடம் ஒன்பது குஞ்சுக்குக் காசு கேட்கலாம், மீதிப் பத்து என்னுடையது என்று முடிவு பண்ணி வைத்திருக்கிறேன். நாளைக்கு வாடகை கொடுக்கும் நாள், அப்போதே கேட்டுவிடுவேன். நீங்கள் சொல்லுங்கள், ஒன்பது சரிதானா, இல்லை என் பங்கு இன்னும் கூடவா?