உருளை நின்றுவிட்டதா?

கந்தல் கிழிக்கும் இயந்திரம் துணி சிக்கி உறுமியது. அண்ணி சிவப்புப் பொத்தானை அறைந்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். மோட்டார் அடங்கிவிட்டது. ஆனால் மூடிக்குள்ளே முள் உருளை போன வேகத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். எப்போது நிற்கும் என்று வெளியிலிருந்து தெரியாது. பக்கத்து இயந்திரங்களின் இரைச்சலில் காதும் உதவாது.

“என்ன, நல்ல நேரம் பாக்குறியா? மூடியத் தொற,” என்றார் சூப்பர்வைசர்.

“நின்னுடுச்சுன்னு நீங்க கைய வச்சுக் காட்டுங்க, தொறக்கிறேன்.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார்.

அவளை ஆலை முழுக்க அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷனின் தங்கை சின்னவள் அதே இயந்திரத்தில் எதிர்ப்பக்கம் நின்று அப்படிக் கூப்பிட்டு, எல்லோர் வாயிலும் அதுவே நிலைத்துவிட்டது. இப்போது சின்னவளின் வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. அன்றைக்கு மூடியில் பூட்டு இருந்தது. உருளை நின்றுவிட்டதா என்று பார்த்துப் பூட்டைத் திறக்க ஒரு வெளிச்சக் கண்ணும் இருந்தது. பஞ்சுத் தூசி அப்பியதில் அந்தக் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. உருளை நின்றுவிட்டது என்று பூட்டைத் திறந்துவிட்டது. அதற்கப்புறம் கண்ணோடு சேர்த்துப் பூட்டையும் கழற்றினார்கள். சின்னவளுக்கு மாடிப்படி பெருக்கும் வேலை கொடுத்தார்கள்.

அதனால்தான், புதுக் கருவி மாட்ட ஒரு இன்ஜினியர் பெண் வந்தபோது அண்ணி சாப்பாட்டு நேரத்தைக்கூட விட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

“இதுவும் தூசி பட்டா குருடாயிடுமாம்மா?”

“ஆகாதுக்கா. இது வெளிச்சத்தால பாக்குறதில்ல.” உள்ளங்கையளவு பலகையை அவள் திருப்பிக் காட்டினாள். நீளமாக ஒரு செப்புக் கோடு. அதையொட்டி வெட்டு விட்ட ஒரு செப்பு வளையம். “இந்தக் கோட்டு வழியா நுண்ணலை போகுது. இதே மாதிரி இன்னொரு வளையம் உருளையோட தண்டு முனையில. தண்டு சுத்தச் சுத்த ரெண்டு வளையத்துக்கும் நடுவுல இருக்கிற கோணம் மாறும். அதுக்கேத்த மாதிரி, வெளிய வர்ற அலை கூடும், குறையும். கூடுறதும் குறையறதும் நின்னா உருளை நின்னுடுச்சு.”

அவள் பலகையைத் தண்டு முனைக்கு நேரே பொருத்தினாள். அண்ணி ஒரு பிடி பஞ்சுத் தூசியை அள்ளிப் பலகைமேல் அமுக்கினாள். தண்டைக் கையால் சுழற்றினாள். சோதனைப் பெட்டியில் வேகத்தைக் காட்டும் எண் ஏறியது. தண்டைப் பிடித்து நிறுத்தினாள். பூஜ்யம்.

“அப்ப பூட்டு?”

இன்ஜினியர் பெண் திருப்புளியைக் கீழே வைத்தாள். “பூட்டுக்கும் வயர் குடுக்கலாம்க்கா. நான் கேட்டேன். ஆபீஸ் திரைக்கு மட்டும் இழுன்னாங்க. மெஷின் எவ்வளவு நேரம் சும்மா நிக்குதுன்னு பாக்கவாம்.”

அண்ணி நேரே மாடிக்குப் போனாள்.

“பூட்டுப் போட்டா ஒவ்வொரு சிக்கலுக்கும் காத்துக்கெடக்கணும்,” என்றார் மேனேஜர். “வேலை படுத்துடும். நீ போய் உன் எடத்துல நில்லு.”

“அப்ப அந்தத் திரையவாவது கீழ வைங்க சார்.”

“அது ஆபீஸ் சமாச்சாரம்.”

அண்ணி வெளியே வந்தாள். படியில் சின்னவள் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். அவள் நின்ற இடத்துக்கு நேரே ஆபீஸ் கண்ணாடி, கண்ணாடிக்குள்ளே திரை, திரையில் பெரிய பெரிய எண்கள். இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

“சின்னவளே, இங்கேருந்து நல்லா தெரியுதாடி?”

“பளிச்சுன்னு தெரியுது அண்ணி.”

அதிலிருந்து, துணி சிக்கினால் அண்ணி பொத்தானை அறைவாள். எல்லோரும் மாடிப்படியைப் பார்ப்பார்கள். எண் இறங்கி இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்ததும் சின்னவள் வலது கையைத் தூக்குவாள். மிச்சமிருந்த இரண்டு விரல்கள் தூசிக்குள்ளும் தெளிவாகத் தெரியும். அப்புறம்தான் மூடி திறக்கும். மற்ற இயந்திரக்காரர்களும், “நமக்கும் அந்தச் செப்பு வளையம் வேணும்” என்று பேச ஆரம்பித்தார்கள்.

சூப்பர்வைசர் அதைக் கேட்டார். மாடிக்கு ஓடினார்.

மறுபடி துணி சிக்கியது. அண்ணி பொத்தானை அறைந்துவிட்டு நிமிர்ந்தாள். சின்னவள் கையைத் தூக்கவில்லை. ஆபீஸ் கண்ணாடியில் உள்ளிருந்து பழைய செய்தித்தாளை ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

“மூடியத் தொறங்க! நேரம் போகுது!” ஒலிபெருக்கி கத்தியது.

“யாரும் தொடாதீங்க,” என்றாள் அண்ணி. யாரும் தொடவில்லை. பக்கத்து இயந்திரங்களிலும் ஒவ்வொருவராகப் பொத்தானை அழுத்திவிட்டுப் பின்வாங்கி நின்றார்கள்.

சின்னவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். ஆபீஸ் கதவுக்குப் போய் அந்தக் கையாலேயே தட்டினாள். நிறுத்தாமல் தட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பத்து விரல்கள் காகிதத்தின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தன.