இருவர் கூடை

"பாஞ்சாலி!" என்று மாநகராட்சி அதிகாரி கணேசமூர்த்தி பட்டியலைப் பார்த்து இரண்டாம் முறையாக அழைத்தபோது, முத்தம்மா முளைக்கீரைக் கட்டுகளின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். மாம்பலம் ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தையில் புதிதாகக் கட்டிய சிமெண்டு மேடையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் அன்றுதான் வியாபாரிகளுக்குத் திறந்துவிடப்பட்டிருந்தன. ஆளுக்கோர் இடம், இடத்துக்கும் இடத்துக்கும் நடுவே சிவப்புக் கோடு. முத்தம்மாவின் கூடை அந்தக் கோட்டின்மேல் உட்கார்ந்திருந்தது.

"வந்துக்கினு கீறா சார்," என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.

சுற்றியிருந்தவர்கள் தக்காளியைத் துடைத்தார்கள், தராசைச் சரிபார்த்தார்கள். பாஞ்சாலி ஐப்பசியிலேயே போய்விட்டாள் என்பது சந்தை முழுவதும் அறிந்த செய்தி. அதிகாரி ஒருவருக்குத்தான் தெரியாது.

அந்தக் கூடைக்கு ஒரு வரலாறு உண்டு. மேடை வருவதற்கு முன்னே, குத்தகைக்காரரின் ஆள் வெள்ளைத்துரை சந்தை வாசலில் நின்று கூடைக்கு இவ்வளவு என்று வசூலிப்பான். சிறியதோ பெரியதோ, கூடை என்றால் ஒரு கணக்கு. ஆகவே அடுத்தடுத்த குடிசைக்காரிகளான முத்தம்மாவும் பாஞ்சாலியும், இருவர் சரக்கும் கொள்ளும்படி ஒரே கூடையாக முடையச் சொல்லி வாங்கினார்கள். ஆதம்பாக்கத்துத் தோட்டங்களில் கீரை வாங்கி, ரயிலேறி வந்து இறங்குவார்கள். நிறைந்த கூடையை ஒருத்தியால் தூக்க முடியாது. ஒருத்தி கழுத்தை வளைத்து, "கை குடு" என்பாள். மற்றவள் விளிம்பைப் பிடித்துத் தலையேற்றுவாள். சோடாக் கடையருகே வந்ததும் கூடை ஒருத்தி தலையிலிருந்து மற்றவள் தலைக்கு மாறும்.

"இன்னாமே, ஊரையே கூடையில வச்சிக்கினு வரீங்க!" என்று வெள்ளைத்துரை பல்லைக் கடிப்பான்.

"உன்னையும் வச்சிக்கினு வந்துருப்போம் நைனா. வெயிட்டு தாங்காது," என்பாள் பாஞ்சாலி.

சென்ற ஆண்டு கணேசமூர்த்தி குறை கேட்க வந்தபோதும் பேசியவள் அவள்தான். "காட்டுல தண்ணி குடிக்க வாலுக்கு வரின்னுச்சாம் சிங்கம். ரெண்டு நரி வாலோட வாலை முடிச்சுப் போட்டுக்கினு, தோ ஒரே வாலுன்னு போச்சாம். அந்த நரிங்கதான் சார் நாங்க." அவர் சிரித்துவிட்டு, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டார். "இன்னா ஆவும்? முடிச்சு அவுக்க வரல. ஒண்ணு படுத்தா இன்னொண்ணும் படுக்குது."

அவர் சிரித்ததோடு நிற்கவில்லை, மேலிடத்துக்கு எழுதவும் செய்தார். கூடைக்கணக்கு ஒழிந்தது. கூரையும் குழாயும் வந்தன. அவை வருமுன் மழை வந்தது. கணுக்கால் நீரில் கோணியைப் போட்டு உட்கார்ந்து விற்ற பாஞ்சாலிக்குக் காய்ச்சல் கண்டது, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. முத்தம்மா அழவில்லை. அழவில்லையே என்றும் அவளுக்குத் தோன்றவில்லை. மறுநாள் அதே கூடையில் பாதி கீரையோடு சந்தைக்கு வந்தாள். மீதிப் பாதியில் எதையும் வைக்கவில்லை.

உச்சி வேளையில் கணேசமூர்த்தி திரும்பி வந்தார். அவர் பின்னால், இடம் கிடைக்காமல் காலையிலிருந்து வெயிலில் எலுமிச்சை விற்றுக்கொண்டிருந்த அஸ்மத்துன்னிசா நின்றாள்.

"நேரமாச்சும்மா. இனிமே அவங்க வரலேன்னா, இந்த இடத்தை இவங்களுக்குத்தான் கொடுக்கணும். நரிக் கதை சொன்னாங்களே, அவங்கதானே பாஞ்சாலி? எங்க போயிட்டாங்க?"

முத்தம்மா வாயைத் திறந்தாள். ஒரே ஒரு சொல் போதும். அதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, மற்றவர்கள்தாம் சொல்லியிருந்தார்கள். புதுக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தாள்.

"வேணாம் சார்," என்றாள் அஸ்மத்துன்னிசா மெல்ல. "நான் நாளைக்கு வந்து கேட்டுக்கறேன்."

"பழம் சுருங்கிப் பூடும்," என்றாள் முத்தம்மா. "ஏறிக் குந்து."

கீரையை எல்லாம் எடுத்துத் தன் கோட்டுக்குள் அடுக்கினாள். கூடையைத் தன் பக்கம் இழுத்தாள். எப்படித் திருப்பி வைத்தாலும் ஒருவர் இடத்தில் அது அடங்கவில்லை. வெளியே வைத்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கீழே இறங்கியவள், கழுத்தை வளைத்துக்கொண்டு நின்றாள்.

"கை குடு."

அஸ்மத்துன்னிசா வெறுங்கூடையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் விளிம்பைப் பிடித்துத் தலையில் ஏற்றினாள்.

வாசலில் வேலையில்லாமல் நின்ற வெள்ளைத்துரையின் கை பழக்கத்தில் நீண்டு, பாதியில் மடங்கிப் பிடரியைச் சொறிந்துகொண்டது. முத்தம்மா அவனைக் கடந்து போனாள். சுமையோடு நடப்பவளைப்போலவே அளந்து அடியெடுத்து வைத்தாள். சோடாக் கடையருகே வந்ததும் நின்றாள். கால்களை ஊன்றி, முழங்காலைச் சற்றே மடித்துக் கூடையைத் தாழ்த்திக் கொடுத்தாள். ரயிலுக்கு விரைந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.