மந்தை என்றார் அண்ணி

கிரெக்ஸ்... கிரெக்ஸ் என்றால் மந்தை, கல்லூரி நூலகத்துத் தடித்த அகராதியில் பொடி எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது, மூன்று தடவை படித்தும் மாறவில்லை, கான் என்றால் ஒன்றாக, கிரெக்ஸ் என்றால் மந்தை, கான்கிரகேஷன், ஆடுகளை ஒன்றுசேர்ப்பதற்கு லத்தீனில் இருந்த சொல்தான் பிறகு வழிபாட்டுக்குக் கூடுகிற ஜனங்களுக்கும் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, இருபத்திரண்டு வருஷமாக ஆங்கிலம் நடத்துகிறவன், இந்தச் சொல்லை எத்தனை வகுப்பில் பலகையில் எழுதியிருப்பான், ஒரு நாளாவது பிரித்துப் பார்த்தானா? அண்ணி பார்த்திருக்கிறார். பள்ளிப் படிப்போடு வேலைக்கு வந்துவிட்ட அண்ணி, இதோ, இந்தத் தபால் நிலையத்தில் இரண்டாவது கவுன்டரில் உட்கார்ந்து முத்திரை குத்திக்கொண்டிருக்கிற அண்ணி... வரிசையில் அவனுக்கு முன்னால் இன்னும் நான்கு பேர்.

திரும்பிப் போய்விடலாமா? ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் எட்டுப் பேர் இருந்தார்கள், தம்பி, கான்கிரகேஷன்னா மந்தையைச் சேர்க்கறதுதானே, என்று அண்ணி ஆசையாகத்தான் கேட்டார், புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டவர்களின் முகம் அது, தினமும் அதைத் தேடித்தானே வகுப்பறைக்குள் போகிறான், மாணவர்களிடம் கண்டால் பூரித்துப்போகிறவன், அண்ணியிடம் கண்டதும் ஏன் அப்படி ஒரு எரிச்சல்? யார் சொன்னாங்க அண்ணி, வேலையை விட்டுட்டு ஆடு மேய்க்கப் போறீங்களா... அவன் வாயிலிருந்துதான் வந்தது. மேசையே குலுங்கிச் சிரித்தது. அண்ணன், கட்டின புருஷன், மே என்று கத்திக்கூடக் காட்டினான், பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள், ஆனால் தொடங்கிவைத்தவன் இவன், இல்லையென்று மழுப்ப முடியாது, அண்ணி தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர்க் குவளையைத் துடைத்தார், ஈரமே இல்லாத குவளையை.

மூன்று பேர். கவுன்டர் முன்னால் நிற்கிற அந்தம்மா ஏன் இப்படி ஒவ்வொரு உறையாக எடுத்து நீட்டுகிறாள், நீட்டட்டும், நீட்டட்டும்... செக்ரிகேட்டும் இதே குடும்பம்தானாம், மந்தையிலிருந்து பிரிப்பது, மாணவர்களின் மதிப்பெண் பட்டியலில் போடுகிற அக்ரிகேட்டும், வாத்தியாரே, உன் கையால் தினமும் எழுதுகிறாயே! தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டால் போதாதா? எட்டுப் பேர் முன்னால் மிதித்துவிட்டு யாருமில்லாத மூலையில் காலைத் தொடுவது என்ன நியாயம், அதனால்தானே பேருந்தில் வராமல் நடந்தே வந்தான், தைரியம் சேரட்டும் என்று, சேர்ந்ததா? முன்னால் நின்ற கடைசி ஆளும் நகர்ந்தாயிற்று, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணி நிமிர்ந்து பார்த்துவிட்டார், இனி ஓட முடியாது.

"என்ன தம்பி, வகுப்பு இல்லையா? தபால்தலையா?"

"இல்ல அண்ணி... அந்த வார்த்தை. நீங்க சொன்னதுதான் சரி. அகராதியில பார்த்தேன். மந்தைதான்." பின்னால் பார்சலோடு நின்றவர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும். "நான் கேலி பண்ணினது தப்பு. மன்னிச்சுடுங்க."

அண்ணி முத்திரைக் கட்டையை மைப்பெட்டியில் வைத்தார். முகத்தில் வெற்றி ஏதும் தெரிகிறதா என்று தேடினான், இருந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"சரின்னு எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. பக்க நம்பரோட தெரியும்."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"உங்க பொண்ணும் உட்கார்ந்திருந்தாளே," என்றார் அண்ணி, மெதுவாக, பின்னால் நிற்பவருக்குக் கேட்காதபடி. "அப்பாவைத்தான் எல்லாத்துக்கும் அகராதிம்பா... நகருங்க தம்பி, ஆள் நிக்கறாங்க."

நகர்ந்தான். வாசற்படி வரை வந்தும் கால் இறங்கவில்லை, அந்தக் குனிந்த தலையை அவமானம் என்றல்லவா மூன்று நாளாக நினைத்து வருந்திக்கொண்டிருந்தான், அது அண்ணி தனக்காகக் குனிந்த தலையே இல்லை, மகள் முன்னால் இவன் தலை குனியக் கூடாது என்று குனிந்தது, அப்படியானால் இதற்கு முன்னால், அண்ணி இந்த வீட்டுக்கு வந்த பதினெட்டு வருஷத்தில், இவனுக்காக எத்தனை தடவை...