கலங்காத எண்ணெய்

தேங்காய் எண்ணெயில் கலப்படம் பிடிக்க நாக்கும் மூக்கும் போதாது. அந்த இரண்டையும் ஏமாற்றத்தானே வாசமில்லாத மெஷின் எண்ணெயைக் கப்பல் கப்பலாக இறக்குகிறார்கள். நாகர்கோவில் சர்க்கார் பரிசோதனைக் கூடத்தில் உத்தியோகம் பார்க்கும் ஞானதாசனுடைய வழி வேறு. ஸ்பிரிட்டில் சோப்புக் காரத்தைக் கரைத்து, அதில் எண்ணெயைக் கொதிக்கவிட்டு, வெந்நீர் ஊற்றுவான். சுத்தமான எண்ணெய் என்றால் அத்தனையும் சோப்பாகிக் கரைந்து குழாய் தெளிவாக நிற்கும். மண்ணுக்கடியிலிருந்து வந்த மெஷின் எண்ணெய் எந்தக் காரத்துக்கும் மசியாது. கொஞ்சம் சேர்ந்திருந்தாலும் கலங்கிவிடும்.

குழித்துறைக் கடையொன்றின் எண்ணெய் அப்படித்தான் பாலாகக் கலங்கியது. கடைக்காரர் முத்துநாயகம் வேறு யாருமில்லை, அவனுடைய அக்கா புருஷன். அந்த எண்ணெயை வாங்கிச் சமைத்த அருமனைக்காரர்கள் வயிறு கழிந்து படுத்தார்கள். ஒரு சிறு பெண் எழுந்திருக்கவே இல்லை.

அத்தான் கோர்ட்டில் வேதத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். ஆலப்புழை வியாபாரி தன் தலையில் மிளகாய் அரைத்துவிட்டானாம். அதே டின்னிலிருந்துதான் தன் வீட்டு அடுப்புக்கும் எண்ணெய் போனதாம். பெற்ற பிள்ளைகளுக்குத் தெரிந்தே யாராவது கொடுப்பார்களா என்று அழுதார். ஏமாந்தவன் என்றால் அபராதத்தோடு போகும். தெரிந்து விற்றவன் என்றால் ஜெயில்.

மறுநாள் காலை பஸ்ஸில் அக்கா நேசபாய் நாகர்கோவிலுக்கு வந்தாள். சேலை முந்தானைக்குள் ஒரு புட்டி தேங்காய் எண்ணெய்.

"எங்க அடுக்களை வெளிச்செண்ணெய், மக்கா. நாங்களும் இதத்தான் தின்னோம். பாத்து, கோர்ட்டுல சொல்லு."

ஞானதாசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இதுவும் கலங்கினால் அத்தான் தப்பினார். நல்ல எண்ணெய் வேண்டுமென்று ஊரே ஜெபிக்கும்போது, கெட்ட எண்ணெயாக இருக்கட்டும் என்று கர்த்தரை வேண்டிக்கொண்டு அவன் ஸ்பிரிட் விளக்கைப் பற்ற வைத்தான். எப்படிப் பார்க்க வேண்டும் என்று அக்காவுக்கும் சொல்லிக் கொடுத்தான்.

வெந்நீர் ஊற்றினான். குழாய் தெளிவாக நின்றது. அதற்கு அப்பால் ஜன்னல் கம்பி தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் வெள்ளம் ஊத்து," என்றாள் அக்கா.

ஊற்றினான். இன்னும் என்றாள். விளிம்பு வரை நிரம்பியும் அது கலங்கவில்லை. அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டு எண்ணெயை எப்போதும் அத்தான்தான் கையோடு கொண்டுவருவாராம். தீர்ந்துபோனால் கடைக்கு ஆள் விடாதே, நான் வருகிறவரை பொறு என்பாராம். அதைப் பாசம் என்று நினைத்து அயல்வீட்டுப் பெண்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள் பாவி மகள்.

ஞானதாசனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கூடப்பிறந்தவளின் குடியைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்று நினைத்தான். உத்தியோகத்துக்கு வந்தபின் ஒருநாளும் சொல்லாததை அப்போது சொன்னான்.

"இதக் கேட்டு யாரும் வரல்ல, அக்கா. கொட்டிருதேன்."

அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அந்த அருமனைப் பிள்ளைக்க அம்மையும் ஒனக்க அத்தான நம்பித்தானே வாங்கினா," என்றாள். "எழுது. நான் கொண்டுவந்தேன்னும் எழுது."

எழுதினான். அவள் புறப்பட எழுந்தபோது, புட்டியில் மிச்சமிருந்த எண்ணெயை நீட்டினான். அவள் கை நீட்டவில்லை.

"நீயே வச்சுக்கோ. கோர்ட்டுல கேப்பாவ."