ரவிச்சந்திரனுக்கு மட்டும் ஒரு கண்ணாடி

2005 மார்கழியில் ஒரு சனிக்கிழமை காலை. ஜெர்மனியின் ஹம் நகருக்கு வெளியே, உறைந்து கிடந்த வயலோரத்தில், பிரிங்க்மன் தன் மேலங்கிப் பையிலிருந்து மஞ்சள் கண்ணாடி ஒன்றை எடுத்து ரவிச்சந்திரனிடம் நீட்டினார்.

"இதைப் போட்டுக்கொள். நான் சொல்லும்வரை கழற்றாதே."

ரவிச்சந்திரன் வேலை செய்த கம்பித் தொழிற்சாலையில் பிரிங்க்மன் மேற்பார்வையாளர். முயல் வேட்டைக்கு ஆள் போதவில்லை, வயலுக்குள் நடந்து சத்தம் போட்டு முயல்களைக் கிளப்பிவிட்டால் போதும், முடிந்ததும் நல்ல சாப்பாடு என்று கூப்பிட்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் எதற்கும் கூப்பிட்டதில்லை. மறுக்க மனம் வரவில்லை.

மனைவி சிவகௌரிக்குத்தான் பிடிக்கவில்லை. "ஊரிலை துவக்குச் சூட்டுக்குப் பயந்து இஞ்சை ஓடிவந்தனீங்கள். இப்ப அதுக்கு முன்னாலை நடக்கப் போறியளோ?" என்று கேட்டாள்.

கண்ணாடி புதிது, தடிப்பானது. ரவிச்சந்திரன் சுற்றிப் பார்த்தார். முயல் கிளப்ப வந்தவர்களில் வேறு யாரும் கண்ணாடி போடவில்லை.

"ஏன் எனக்கு மட்டும்?"

"உனக்குப் பழக்கமில்லை. முள்ளுச் செடி கண்ணில் அடிக்கும்."

அறுவடை முடிந்த வயலில் முள்ளுச் செடி எதையும் காணவில்லை. இடது ஓரத்தால் நடக்கும்படி பிரிங்க்மன் சொன்னபோது, அங்கே நின்ற இருவர் நடுப்பக்கம் நகர்ந்து போனார்கள். ரவிச்சந்திரன் அவர்களைத் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் நடந்தார்.

வேட்டைக்காரர்கள் வயலைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். இரண்டாம் முறை கொம்பு ஊதியதும், முயல் கிளப்புபவர்கள் நடுவே வந்துவிடுவதால், வட்டத்துக்குள் யாரும் சுடக்கூடாது, வெளிப்பக்கம் திரும்பித்தான் சுடலாம். வேட்டைத் தலைவரான ஹெல்முட் என்ற கிழவர் இதைக் காலையிலேயே எல்லோருக்கும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இரண்டாம் முறையும் கொம்பு ஊதியது. இனிப் பயமில்லை என்று ரவிச்சந்திரன் நினைத்தார். அப்போது அவருடைய காலடியிலிருந்து ஒரு முயல் பாய்ந்தது. இடது பக்கமிருந்து வெடிச்சத்தம். கன்னம் நெருப்பாய் எரிந்தது; கண்ணாடியில் ஏதோ சுள்ளென்று அடித்தது. கையால் தடவினார். இரத்தம். இடது கண்ணுக்கு நேரே கண்ணாடி விரிசல் விட்டிருந்தது.

சுட்டவர் உடோ, பிரிங்க்மனின் தங்கை கணவர். அவர் துவக்கைத் தாழ்த்திவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலில் ஓடிவந்தவர் பிரிங்க்மன். "கல்லில் பட்டுத் தெறித்திருக்கிறது. நிலம் உறைந்திருக்கிறதல்லவா." கன்னத்தில் பிளாஸ்டர் ஒட்டினார். "டாக்டரிடம் போகாதே, வீண் கேள்விகள் கேட்பார்கள். கண்ணாடியைத் தா, வேறு வாங்கித் தருகிறேன்."

உடைந்த கண்ணாடி அவருக்கு எதற்கு? ரவிச்சந்திரன் அதை உள்பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டில் சிவகௌரி பிளாஸ்டரைக் கண்டதும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டாள். "வாங்கோ ஆஸ்பத்திரிக்கு. டாக்டர் வேண்டாமெண்டு ஒருத்தர் சொன்னா, கட்டாயம் போகவேணும்." அங்கே கன்னத்திலிருந்து ஒரு சின்ன ஈயச் சன்னத்தை எடுத்துக் கையில் கொடுத்தார்கள். கண்ணாடி இல்லாவிட்டால் கண் போயிருக்கும் என்றார் டாக்டர்.

மறுநாள் பிரிங்க்மன் கேக்கோடு வந்தார். நலம் விசாரித்தார். பிறகு கண்ணாடியைக் கேட்டார்.

"அந்த ஆள் முந்தியும் இப்பிடிச் செய்தவரோ எண்டு கேளுங்கோ," என்றாள் சிவகௌரி. ரவிச்சந்திரன் ஜெர்மனில் கேட்டார்.

பிரிங்க்மன் கேக் பெட்டியை ஒரு பக்கம் தள்ளி வைத்தார்.

"போன வருடம் ஒரு நாயைச் சுட்டுவிட்டார்," என்றார். "முயலைக் கண்டால் உடோவுக்கு வேறெதுவும் தெரியாது. ஹெல்முட்டுக்குச் சொல்லவில்லை. தங்கைக்காக மறைத்துவிட்டோம்."

"அப்படியானால் என்னை ஏன் அங்கே விட்டீர்கள்?"

"மற்றவர்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். கண்ணாடி போட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்."

ரவிச்சந்திரனுக்குக் கோபத்தை விட, அந்த அழைப்பை எண்ணித் தான் சந்தோஷப்பட்டதுதான் அதிகம் வலித்தது. எழுந்து கதவைத் திறந்து பிடித்தார். பிரிங்க்மன் போனதும் ஹெல்முட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். திங்கட்கிழமை இருவரும் சேர்ந்து கண்ணாடியையும் சன்னத்தையும் பொலிசில் கொடுத்தார்கள்.

விசாரணைக்குப் பிறகு உடோவின் துவக்குகளையும் வேட்டை அனுமதியையும் பறித்தார்கள். தொழிற்சாலையில் பிரிங்க்மன் வேலைக்கு வேண்டிய வார்த்தைக்கு மேல் பேசவில்லை. சிலர் வணக்கம் சொல்வதையும் நிறுத்தினார்கள். ரவிச்சந்திரன் வேறு பகுதிக்கு மாற்றம் கேட்டார், கிடைத்தது.

புதிய பகுதியில் கூட வேலை செய்த ஒருவர், கோடை வந்ததும் தன் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டார். ரவிச்சந்திரன் வீட்டில் வந்து சொன்னார்.

"நல்ல மனுசர் போலதான் கிடக்கு. போவமோ?"

"ஆர் ஆர் வருகினமெண்டு முதல் கேளுங்கோ," என்றாள் சிவகௌரி.

அவர் கேட்டார். பிறகுதான் போனார்கள்.