நாக்குக்குப் பேர்போன வீடு

பல் பிடுங்கிய அன்று சாயங்காலமே பீ-யுன் தேநீர்க் கரண்டியைக் கையில் எடுத்துவிட்டாள். வலது கன்னம் பன் ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. வாயில் அதக்கியிருந்த பஞ்சை எடுத்துப் போட்டு கொஞ்ச நேரம்தான் ஆகிறது. மரத்துக் கிடந்த நாக்கில் எறும்பு ஊர்வது போலச் சுரணை திரும்ப ஆரம்பித்திருந்தது. அது முழுசாகத் திரும்புமா என்று தெரியாமல் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

பயப்படக் காரணம் இருந்தது. ஞானப்பல் ஈறுக்குள்ளேயே படுத்தவாக்கில் முளைத்து, சீழ் வைத்து, வாயைத் திறக்க முடியாமல் போன பிறகுதான் அவள் மலையிறங்கி டவுனுக்குப் போனாள். பல் டாக்டர் லியாவ் எக்ஸ்ரே படத்தைக் காட்டிவிட்டு, "வேருக்குப் பக்கத்துலதான் நாக்குக்குப் போற நரம்பும் இருக்கு அக்கா. எடுக்கும்போது அது நசுங்கினா பாதி நாக்கு மரத்துப்போகலாம், ருசியும் குறையலாம். ரொம்பப் பேருக்கு அப்படி ஆகாது. அப்படியே ஆனாலும் சில மாசத்துல சரியாயிடும். எங்கயோ ஒருத்தருக்குத்தான் திரும்பாமலே போயிடும்," என்றார். அந்த எங்கயோ ஒருத்தர் தானாகத்தான் இருக்கும் என்று பீ-யுன்னுக்கு உடனே தோன்றிவிட்டது.

மற்றவர்களுக்கு நாக்கு என்பது உடம்பில் ஒரு உறுப்பு. லுகு மலைக்காரர்களுக்கு அது பிழைப்பு. வசந்தம் வந்தால் வீட்டுக்கு வீடு தங்கள் ஊலாங் தேயிலையை வறுத்து மூட்டை கட்டி, விவசாயிகள் சங்கத்துப் போட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பேரை மறைத்து, எண் போட்டு, நடுவர்கள் ருசிப்பார்கள். தேறிய தேயிலைக்கு முத்திரை கிடைக்கும். தேறாத மூட்டை திரும்பி வரும், ஊரே பார்க்க. பீ-யுன் வீட்டில் வறுப்பவன் புருஷன் குவோ-தோங். 'இன்னும் கொஞ்சம்', 'போதும்' என்று சொல்பவள் அவள். அவள் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்த வீட்டு மூட்டை திரும்பி வந்ததே இல்லை. இந்தப் பெருமையை மனசுக்குள் பூட்டி வைத்துக்கொள்கிற ரகமில்லை அவள்.

தேநீரை ருசி பார்ப்பதென்றால் அங்கே யாரும் மடக் மடக்கென்று குடிப்பதில்லை. கரண்டியிலிருந்து காற்றையும் சேர்த்து 'சுர்ர்ர்' என்று ஒரே இழுப்பாக உறிஞ்ச வேண்டும். தேநீர் வாயெல்லாம் தெறித்து, வாசனை மூக்குவரை ஏற வேண்டும். பிறகு தகரக் குவளையில் துப்பிவிட வேண்டும். பீ-யுன் உறிஞ்சினாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது கரண்டியில் வறுப்பு தெரிந்தது, அதன் பின்னால் லேசான இனிப்பு, அதற்கும் பின்னால் பூ வாசனை. அத்தனையும் அங்கேயே இருந்தன. அவள் அடுப்பறை வாசலில் நின்றுகொண்டு சின்னப் பெண் மாதிரி சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து, அடுத்த வீட்டு ஓரகத்தி யுவே-சூ காயம் ஆறுவதற்கென்று கொடுவா மீன் சூப் வைத்து எடுத்து வந்தாள். அவள் வீடும் போட்டிக்கு மூட்டை அனுப்பும் வீடுதான்.

"அவங்கவங்க பல்லைப் புடுங்கிட்டு ஒரு வாரம் கஞ்சி குடிச்சுப் படுத்துக் கெடக்கறாங்க. என்னைப் பாருங்க அக்கா," என்று பீ-யுன் அவள் எதிரிலேயே இன்னொரு தரம் உறிஞ்சித் துப்பிக் காட்டினாள்.

"உன் வாய் என்னைக்கு ஓஞ்சிருக்கு, இன்னைக்கு ஓய? சூப்பை ஆறவச்சுக் குடி."

ஆறவைத்துத்தான் குடித்தாள். டாக்டர் சொன்ன எதையும் அவள் மீறவில்லை. கன்னத்துக்கு ஐஸ் ஒத்தடம் கொடுத்தாள். கஞ்சியை இடதுபக்கமாகவே விழுங்கினாள். சோயாப் பாலில் ஸ்ட்ரா போட்டுக் கொண்டுவந்ததற்காக குவோ-தோங்கை வாங்கு வாங்கென்று வாங்கினாள். "ஸ்ட்ரா கூடாதுன்னு சொன்னாரே, காதுல விழலயா?" இடையிடையே ஒவ்வொரு வறுப்பையும் உறிஞ்சி, துப்பி, 'இன்னும் கொஞ்சம்' என்றாள்.

மூன்றாம் நாள் வலி வந்தது. பல் இருந்தபோதுகூட அப்படி வலித்ததில்லை. தாடையில் பிடித்து, காதுக்குள் ஏறி, நெற்றிப்பொட்டில் போய்த் தெறித்தது. மாத்திரை ஒன்றும் கேட்கவில்லை. வாயில் அழுகின வாடை. குவோ-தோங் அவளை வண்டியில் உட்காரவைத்து டவுனுக்குக் கூட்டிப் போனான்.

டாக்டர் லியாவ் விளக்கை அடித்துப் பார்த்தார்.

"ஸ்ட்ரா போட்டுக் குடிச்சீங்களா?"

"இல்ல."

"சிகரெட்?"

"நானா?"

"கொப்புளிச்சுத் துப்பினீங்களா?"

"கொப்புளிக்கவே இல்ல டாக்டர். டீ ருசி பார்த்தேன், அவ்வளவுதான். அதுவும் ஆறவச்சு."

"எப்படிப் பார்த்தீங்க?"

வலித்த வாயைக் குவித்து, வெறும் காற்றை அவள் 'சுர்ர்ர்' என்று இழுத்துக் காட்டினாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவரும் அந்த மலையில் பிறந்தவர்தான்.

"எங்கப்பாவும் தினம் இப்படித்தான் குடிக்கிறாரு. இதுவும் உறிஞ்சறதுதான்னு எனக்கே தோணலயே அக்கா," என்றார். பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து மூடி போல உட்கார்ந்துகொள்ளும், அந்த மூடிக்கு அடியில்தான் புண் ஆறும், இவள் உறிஞ்சியும் துப்பியும் அதைப் பெயர்த்துவிட்டாள், இப்போது எலும்பு திறந்து கிடக்கிறது என்று சொன்னார். குழியைக் கழுவி, மருந்து தோய்த்த துணியை வைத்து அடைத்தார். கொஞ்ச நேரத்தில் வலி ஆளைவிட்டு இறங்கிப் போயிற்று. பீ-யுன்னுக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழலாம் போல இருந்தது.

மருந்தில் கிராம்பு எண்ணெய் இருந்தது. அது அவளுக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

மறுநாள் காலையில் மூட்டையைக் கொடுத்தாக வேண்டும். அடுப்பறை மேஜையில் மூன்று வறுப்புகள், மூன்று வெள்ளைக் கிண்ணங்களில் காத்திருந்தன. உறிஞ்சாமல் கரண்டி நுனியை நாக்கில் வைத்துப் பார்த்தாள். முதல் கிண்ணம் கிராம்பு. இரண்டாவதும் கிராம்பு. மூன்றாவதை முகர்ந்தாள், அதுவும் கிராம்பு. அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. விரலை வாய்க்குள் விட்டாள்.

குவோ-தோங் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "அந்தத் துணியைத் தொட்டே, இந்த வருஷம் போட்டியே வேணாம்னு அடுப்பை அணைச்சிடுவேன்." அவன் அவளிடம் அப்படிப் பேசியது கிடையாது. பிறகு தானே குரலைத் தணித்துக்கொண்டு, "யுவே-சூ அண்ணியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாமா?" என்றான்.

"போட்டித் தேயிலையைக் கொண்டுபோய் இன்னொரு வீட்டு நாக்குல வைக்கறதா? அதுக்கு வாயைத் தைச்சுக்கிட்டு உக்காரலாம்." அவள் கரண்டியை அவன் பக்கம் தள்ளினாள். "நீ பாருய்யா."

"நானா? எனக்கு எங்க நாக்கு இருக்கு?"

"பின்ன எதை வச்சு சோறு தின்னறே? உக்காரு."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கரித்தூள் போகாத விரல்களால் கரண்டியைப் பிடித்தான். உறிஞ்சினான், துப்பினான். திரும்பவும் முதல் கிண்ணத்துக்குப் போனான். அவசரமே படவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த பீ-யுன்னால் அதிலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. தேநீர் ஆறி, கிண்ணத்தின் ஓரத்தில் வளையம் கட்டியது.

"நடுவுல இருக்கறது," என்றான்.

"கடைசிக் கிண்ணம்? அதுலதானே வறுப்பு ஆழமா இருக்கும். நடுவருங்களுக்கு அதுதான் பிடிக்கும்."

"அது வாசல்ல நின்னு கத்துது, உள்ள போனா ஆளே இல்ல. நடுவுல இருக்கறது துப்பினதுக்கு அப்புறம் மெதுவா வருது."

"நிச்சயமாவா?"

குவோ-தோங் கரண்டியைக் கீழே வைத்தான். "இத்தனை வருஷத்துல உங்கிட்ட ஒரு தடவையாவது நான் அப்படிக் கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லை. பெருமழை பெய்த வருஷம் ஒரு அடுப்புத் தேயிலை முழுவதையும் கொட்டச் சொன்னாள், மறுபேச்சுப் பேசாமல் கொட்டினான். வயிற்றில் பிள்ளையோடு எதைத் தின்றாலும் வாந்தியெடுத்த வருஷம்கூட, அவள் 'போதும்' என்றதும் நெருப்பை மூடினான். தன் நாக்கைத்தான் அவன் நம்பினான் என்று அவள் நினைத்திருந்தாள். அவன் நம்பியது அவளை. நடுக் கிண்ணத்துத் தேயிலையை அவளே மூட்டை கட்டினாள். தனக்குத் தெரியாத ஒன்றைத் தன் வீட்டுப் பேரில் அனுப்புவது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

காலையில் தூறலிலும் சங்கத்து வாசலில் வரிசை நீண்டிருந்தது. குவோ-தோங் மூட்டையைத் தோளில் வைத்திருந்தான். பின்னால் யுவே-சூ தன் மூட்டையோடு வந்து நின்றாள்.

"கிராம்பு வாசம் தெருமுனைக்கே வருது. இந்த வாயை வச்சுக்கிட்டு எப்படி பீ-யுன் ருசி பார்த்தே?"

முன்னால் நின்றவர்கள் திரும்பினார்கள். 'எப்படியோ பார்த்தேன்' என்று சொன்னால் கதை முடிந்தது. கூட இரண்டு பேர் மெச்சக்கூடச் செய்வார்கள். பீ-யுன் வீங்கின கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, டாக்டர் சொன்னதைவிட அகலமாகவே வாயைத் திறந்தாள்.

"நான் பார்க்கலக்கா. எங்க வீட்டுக்காரர் பார்த்தாரு."

"யாரு, நம்ம குவோ-தோங்கா? அவனுக்கு ஏது நாக்கு?"

"இருக்கு. நான் ஓயாம பேசிக்கிட்டே இருந்ததுல உங்களுக்குத் தெரியாம போச்சு."

"மூட்டை திரும்பி வந்தா?"

"வந்தா, நடுவருங்க யாருக்கோ பல்லு புடுங்கியிருக்காங்கன்னு அர்த்தம்."

வரிசை மொத்தமும் சிரித்தது. யுவே-சூவும் சிரித்துவிட்டாள். குவோ-தோங் மட்டும் சிரிக்கவில்லை. தோளிலிருந்த மூட்டையைப் பக்குவமாக இறக்கிவைத்தான், ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது போலக் குனிந்தான். அவன் காலில் கிடந்தவை ரப்பர் செருப்புகள். அவன் வெகுநேரம் நிமிரவில்லை.